சொற்சோர்வும் சிலநாட் புகழும்

ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதிப் பதவியை நாடும் ஒருவர் இரு தேர்தல்களில் வெற்றி பெறுதல் வேண்டும். நவம்பர் மாதத்தில் நடைபெறும் பொதுத் தேர்தலை உலகமெங்கும் அறிவர். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, கட்சியின் சார்பிற் போட்டியிடப் போகின்றவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் தேர்தல்கள் மாநிலந்தோறும் நடைபெறுகின்றன. இவற்றைப் பூர்வாங்கத் தேர்தல்கள் எனலாம். கட்சித் தலைவர்களும் செயற்குழுவினரும் கூடி அபேட்சகரை நியமிக்கும் வழக்கத்திற் பழகிய நாட்டினருக்கு இம்முறை சற்றுப் புதுமையாகத் தோன்றும். அங்கே சந்தைக்குச் செல்லும் கமக்காரனும், சவர்க்காரம் விற்கும் கடைக்காரனும், பாடசாலை ஆசிரியையும் தத்தம் கட்சியின் அபேட்சகரைத் தாமே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர்.

இத்தகைய தேர்தல்களில் விந்தையான காட்சி ஒன்று மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது. ஒருவர் திடீரெனப் புகழின் உச்சிக்குச் செல்கிறார். பத்திரிகைகள் அவரை அடுத்த சனாதிபதி என்று எழுதுகின்றன. பின்னர் ஒருநாள் அவர் வாயிலிருந்து ஒரு சொல் நழுவுகின்றது. சில கிழமைகளில் அவர் இருந்த இடம் தெரியாமற் போய்விடுகின்றது. இத்தகைய வாய்த்தவறுக்குத் தமிழிற் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. அமைச்சருக்குரிய இயல்புகளைக் கூறுமிடத்தில், சொல்வன்மை என்னும் அதிகாரத்தில், ஆக்கமும் கேடும் சொல்லால் வருவன என்று காட்டிச் சொல்லில் நேரும் சோர்வைக் காத்துக்கொள்ளும்படி வள்ளுவர் எச்சரித்துள்ளார். ஆகவே சொற்சோர்வு என்றே இதனை வழங்கலாம்.

பூர்வாங்கத் தேர்தல்கள் எக்காலத்தும் இவ்வளவு வலிமை பெற்றிருக்கவில்லை. 1952ஆம் ஆண்டில் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்திலே எஸ்டஸ் கிபோவர் என்னும் மேற்சபை உறுப்பினர், பதவியிலிருந்த சனாதிபதி ட்ரூமனையே தோற்கடித்தார். குற்றவாளிக் கும்பல்கள் பற்றி அவர் நடத்திய விசாரணைகளைத் தொலைக்காட்சியிற் பார்த்து மக்கள் அவரை அறிந்திருந்தனர். அவ்வாண்டு நடைபெற்ற பதினைந்து பூர்வாங்கத் தேர்தல்களிற் பன்னிரண்டில் அவரே வென்றார். எனினும் சிகாகோ நகரிற் கூடிய சனநாயகக் கட்சி மகாநாடு அவரை ஒதுக்கிவிட்டு அட்லாய் ஸ்டீவன்சனைத் தெரிவு செய்தது. 1968ஆம் ஆண்டில் ஹியூபேட் ஹம்ப்றி ஒரு பூர்வாங்கத் தேர்தலிலேனும் போட்டியிடாமலே அக்கட்சியின் அபேட்சகரானார். அதனால் எழுந்த குழப்பத்தின் பின்னரே விதிகள் திருத்தப்பட்டன. 1972ஆம் ஆண்டு முதலாக மக்களின் வாக்கே தீர்ப்பாயிற்று.

இம்மாற்றம் நியாயமானதே. ஆயினும் அதனோடு ஒரு சங்கடமும் கூட வந்தது. பழைய கட்சித் தலைவர்கள் அபேட்சகர்களைப் பல்லாண்டுகளாக அறிந்தவர்கள். எவர் கோபக்காரர், எவர் சோம்பேறி, எவர் வாக்குத் தவறுபவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பொதுமக்களுக்கோ பெரும்பாலான அபேட்சகர்கள் பெயரளவில் மட்டுமே அறிமுகமானவர்கள். தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்து, இவர்களில் யாரை விரும்புகிறீர் என்று கேட்டால், கேட்கப்பட்டவர் அன்று காதில் விழுந்த பெயரைச் சொல்லி வைப்பார். அப்பதிலில் ஆழமான பற்று எதுவும் இல்லை. நூற்றுக்கு முப்பது என்று பத்திரிகையில் அச்சாகும்போது மட்டும் அது பெரும் ஆதரவு போலத் தோன்றுகின்றது. வெற்றுச் சுவரில் முதலில் ஒட்டப்படும் சுவரொட்டியே எல்லார் கண்ணிலும் படும். ஒரு சொற்சோர்வு நிகழ்ந்துவிட்டால், அதுவே அச்சுவரில் நிலைத்துவிடும்.

இதற்கு ஜோர்ஜ் ரொம்னியின் கதையைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது அரிது. மோட்டார் வண்டிகள் செய்யும் பெரிய கம்பனி ஒன்றின் தலைவராயிருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். பெரிய வண்டிகளே பெருமை என்று அமெரிக்கர் எண்ணிய காலத்திற் சிறிய வண்டிகளைச் செய்து விற்றுக் கம்பனியை நட்டத்திலிருந்து மீட்டார். மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநராக 1962, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தெரிவு செய்யப்பட்டார். நெடிய உருவம், நரை படர்ந்த தலை, குடியும் புகையும் அறியாத ஒழுக்கம், கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தம் கட்சியினரோடும் வாதாடிய துணிவு ஆகிய இவையெல்லாம் அவரிடம் இருந்தன. 1966ஆம் ஆண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட அபிப்பிராய வாக்கெடுப்புக்களில் அவர் சனாதிபதி ஜோன்சனையே முந்தி நின்றார்.

அவரிடம் இருந்த குறை ஒன்றே. வியட்நாம் யுத்தம் பற்றி அவர் கூறியவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1965ஆம் ஆண்டு நவம்பரில் வேறு ஆளுநர்கள் சிலரோடு அவர் வியட்நாமுக்குச் சென்று வந்தார். திரும்பியதும் யுத்தம் அவசியமானது என்றார். பின்னர் மெல்ல மெல்ல அக்கருத்திலிருந்து விலகினார். 1967ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 31ஆம் திகதி டெட்ரோயிட் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிற் பேட்டி கண்டவர் இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். தாம் வியட்நாமுக்குச் சென்றிருந்தபோது அங்கிருந்த படைத் தளபதிகளும் இராசதந்திரிகளும் தமக்கு மிகப் பெரிய மூளைச் சலவை செய்துவிட்டார்கள் என்று ரொம்னி மறுமொழி கூறினார். கூறிய சூழ்நிலையில் அது சாதாரணமான பேச்சாகவே இருந்தது. பேட்டி செப்டெம்பர் 4ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. நியூயோர்க் பத்திரிகைகள் அந்த ஒரு சொல்லை எடுத்துத் தலைப்பிட்டன. அதன் பின் ரொம்னி வேறு எதைப் பேசினாலும் எவரும் செவிமடுக்கவில்லை.

மூளைச் சலவை என்னும் சொல் கொரிய யுத்த காலத்திற் பரவியது. எதிரிகளிடம் கைதிகளாய் அகப்பட்ட அமெரிக்கப் போர்வீரரின் மனம் மாற்றப்பட்டதாகக் கூறுவதற்கே அச்சொல் வழங்கிற்று. நாட்டின் தலைமைப் பதவியைக் கேட்பவர், என் மூளையை எவரோ சலவை செய்துவிட்டார்கள் என்று தாமே ஒப்புக்கொண்டால் கேட்பவர் மனத்தில் என்ன தோன்றும்? அவருடன் வியட்நாமுக்குச் சென்று வந்தவர்களிடையேயும் அவர் கூற்றை மறுத்தவர்கள் இருந்தனர். அதுவரை அவரை ஆதரித்த டெட்ரோயிட் பத்திரிகை ஒன்று போட்டியிலிருந்து விலகும்படி எழுதிற்று. சனநாயகக் கட்சியைச் சேர்ந்த யூஜின் மக்காத்தி, ரொம்னிக்கு முழுச் சலவை எதற்கு, சற்றே அலசியிருந்தாலே போதுமே என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நியூ ஹம்ப்ஷயர் மக்கள் வாக்களிப்பதற்கு இரு கிழமைகளுக்கு முன்னர், 1968ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி, ரொம்னி போட்டியிலிருந்து விலகினார்.

இவ்வரலாற்றில் ஒரு கசப்பான உண்மை பொதிந்துள்ளது. ரொம்னி சொன்னது பொய்யன்று. வியட்நாம் யுத்தம் பற்றி அரசாங்கம் மக்களுக்குக் கூறியதும் அரசாங்கம் தன்னுள்ளே அறிந்திருந்ததும் வேறு வேறு என்பது 1971ஆம் ஆண்டில் இரகசிய ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது தெரிந்தது. தாம் ஏமாற்றப்பட்டதை நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் பகிரங்கமாகக் கூறினார். அதற்காகவே அவர் நகைக்கப்பட்டார். அரசியல்வாதி தவறுதலாக உண்மையைச் சொல்லிவிடுவதே சொற்சோர்வு என்னும் கருத்தில் மைக்கல் கின்ஸ்லி என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிற்காலத்தில் எழுதினார். வேடிக்கையாகச் சொல்லப்பட்டதாயினும், ரொம்னியின் விடயத்தில் அது முற்றும் பொருந்துகின்றது.

சொல்லே அன்றி, சொல்லும்போது தோன்றிய முகபாவமும் ஒருவரை வீழ்த்தியதுண்டு. 1972ஆம் ஆண்டிலே சனநாயகக் கட்சியின் முன்னணியில் நின்ற எட்மன்ட் மஸ்கி, தம் மனைவியை இழிவுபடுத்திய பத்திரிகை ஒன்றின் காரியாலயத்துக்கு முன்னால், பனி கொட்டும் காலை வேளையிற் பார வண்டி ஒன்றின் மேல் நின்று பேசினார். இடையிலே தொண்டை அடைத்தது. அவர் அழுதார் என்று நிருபர்கள் எழுதினர். முகத்திற் பட்டு உருகிய பனித்துளியே அது என்று அவர் கூறினார். கண்ணீரா பனிநீரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நியூ ஹம்ப்ஷயர்த் தேர்தலில் அவருக்கு நூற்றுக்கு 46 வாக்குகளும், அவருக்கு அடுத்து வந்த மக்கவனுக்கு 37 வாக்குகளும் கிடைத்தன. வென்றவர் மஸ்கி. எனினும் அவர் தோற்றவர் போலவே பேசப்பட்டார். ஏப்ரில் மாதத்தில் அவருடைய பிரசாரம் ஓய்ந்தது. அவரைப் பழித்து அப்பத்திரிகைக்கு வந்த கடிதம் ஒன்று போலியானது என்பதும், சனாதிபதி நிக்சனின் ஆட்கள் நடத்திய சூழ்ச்சிகளுடன் அதற்குத் தொடர்பு இருந்தது என்பதும் பின்னரே வெளிவந்தன.

எட்வட் கெனடிக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. 1979ஆம் ஆண்டின் கோடை காலத்திலே அவர் தம் கட்சிக்காரரான சனாதிபதி காட்டரைவிட இரு மடங்கு ஆதரவு பெற்றிருந்தார். நவம்பர் 4ஆம் திகதி ஒளிபரப்பான பேட்டியில், நீர் ஏன் சனாதிபதியாக விரும்புகிறீர் என்று ரொஜர் மட் என்பவர் கேட்டார். இதைவிட எளிய வினா வேறு உண்டோ? கெனடி தடுமாறினார். வசனங்கள் தொடங்கின, முடியவில்லை. எதையும் தவறாகச் சொல்லாமல், சொல்ல ஒன்றுமின்றி நின்றதே அவருடைய சோர்வு. அதே நாளில் தெகிரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. நாடு முழுவதும் சனாதிபதியின் பின்னால் திரண்டது. இரண்டு காரணங்களில் எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க எவராலும் இயலாது.

வானொலி கேட்போர் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது ஹவாட் டீனின் நிகழ்ச்சி. 2003ஆம் ஆண்டின் இறுதியில் அவரே சனநாயகக் கட்சியின் முன்னணி அபேட்சகர். 2004ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி அயோவா மாநில வாக்கெடுப்பில் அவர் நூற்றுக்கு 18 பெற்று மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்றிரவு மனமுடைந்திருந்த தொண்டர்களை உற்சாகப்படுத்த எண்ணி, அடுத்தடுத்துச் செல்லப் போகும் மாநிலங்களின் பெயர்களை உரத்த குரலில் அடுக்கி, இறுதியில் ஒரு கூச்சலிட்டார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரத்தில் அவர் குரல் அவர்களுக்குச் சரிவரக் கேட்கவுமில்லை. அவர் கையிலிருந்த ஒலிவாங்கியோ, வாய்க்கு அண்மையிலுள்ள ஒலியை மட்டும் வாங்கிச் சுற்றுப்புற ஓசையைத் தள்ளிவிடும் வகையைச் சேர்ந்தது. தொலைக்காட்சியிற் பார்த்தவர்களுக்குக் கூட்டத்தின் இரைச்சல் இல்லை. அமைதியான இடத்தில் ஒருவர் காரணமின்றிக் கத்துவது போலிருந்தது. அதனை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் காட்டினர்.

அந்தக் கூச்சலே டீனை வீழ்த்தியது என்று இன்றும் பலர் சொல்வர். நாட்காட்டியைப் பார்த்தால் அவ்வாறு சொல்ல முடியாது. அயோவாவில் அவர் தோற்ற பின்னரே கூச்சல் எழுந்தது. வாக்காளர்கள் அவரைக் கைவிட்டது முதலில்; கூச்சல் அதன் பிறகு. வீழ்ச்சிக்குரிய காரணங்கள் பலவாயிருக்கும்போது, நினைவிற் பதிந்த ஒரு காட்சியை எடுத்து அதையே காரணமாக்கி வைப்பது மனித இயல்பு.

இவையெல்லாம் தனித்தனி நிகழ்ச்சிகள். 2011ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியினரிடையே நடந்ததோ ஓர் ஊர்வலம். அவ்வாண்டு ஜோர்ஜ் ரொம்னியின் மகன் மிட் ரொம்னி போட்டியில் இருந்தார். பணமும் அனுபவமும் அவரிடம் இருந்தன. எனினும் கட்சித் தொண்டர்களுக்கு அவர் மீது முழு மனம் இல்லை. அவரல்லாத வேறொருவரைத் தேடினர். மாதத்துக்கொருவர் அகப்பட்டார்.

முதலில் வந்தவர் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மிஷேல் பாக்மன் அம்மையார். ஆகத்து 13ஆம் திகதி அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்த வைக்கோல் வாக்கெடுப்பில் அவர் 4823 வாக்குகள் பெற்று முதலாவதாக வந்தார். காற்று எப்பக்கம் வீசுகிறது என்று ஒரு வைக்கோலை எறிந்து பார்ப்பது போன்றதாகையால் அதற்கு அப்பெயர். கட்சிக்குப் பணம் சேர்ப்பதற்காக நடத்தப்பட்டது அது. வாக்களிக்க விரும்புவோர் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அபேட்சகர்களே சீட்டுக்களை மொத்தமாக வாங்கித் தம் ஆட்களுக்குக் கொடுத்தனர். இத்தகைய வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்ததற்காக மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் டிம் போலென்டி மறுநாளே போட்டியை விட்டு விலகினார். நல்ல ஆளுநர் என்று பெயரெடுத்தவர் அவர். சனாதிபதி ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தையும் ரொம்னியின் திட்டத்தையும் ஒன்றாக்கி ஏளனமாக ஒரு பெயரைத் தாமே புனைந்தார். மறுநாள் மேடையில் ரொம்னியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் தயங்கினார். சொன்ன சொல்லை மீண்டும் சொல்லாததால் அவர் கோழையெனப் பேசப்பட்டார். நாகரிகம் காரணமாகத் தயங்கியிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பாரில்லை.

பாக்மன் அம்மையாரின் சோர்வுகள் பெரும்பாலும் சரித்திரமும் பூமிசாத்திரமும் பற்றியவை. அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் வேட்டுக்கள் தீர்ந்த கொன்கோட் என்னும் ஊர் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ளது. அதே பெயரையுடைய வேறோர் ஊர் நியூ ஹம்ப்ஷயரில் உள்ளது. அம்மையார் நியூ ஹம்ப்ஷயர் மக்களிடம், அவ்வேட்டுக்கள் உங்கள் மாநிலத்திலேயே தீர்ந்தன என்று பெருமைப்படுத்தினார். எல்விஸ் பிரெஸ்லி இறந்த நாளில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூறினார். இவற்றால் நாட்டுக்குக் கேடெதுவும் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு சிறு துளையாயிற்று. மரக்கலம் மூழ்குவதற்குப் பெருந்துளை வேண்டுமென்பதில்லை.

அவர் ஏம்ஸ் நகரில் வென்ற அதே நாளில், தென் கரோலைனாவிலே டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி தமது போட்டியை அறிவித்தார். அதுவரை எந்தத் தேர்தலிலும் தோல்வி காணாதவர். பதினொரு நாட்களுக்குள் வெளிவந்த கலப் நிறுவனத்தின் வாக்கெடுப்பில் அவருக்கு நூற்றுக்கு 29, ரொம்னிக்கு 17. பத்திரிகைகள் முடிவு எழுதிவிட்டன. ஆனால் விவாத மேடைகளில் அவர் தளர்ந்தே காணப்பட்டார். யூலை மாதத்தில் அவருக்கு முதுகிற் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. செப்டெம்பரில், சட்டவிரோதமாக வந்தோரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணச் சலுகை அளிப்பதை எதிர்ப்பவர்களுக்கு இருதயமே இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். இரக்கமுள்ள பேச்சுத்தான். அவருடைய கட்சித் தொண்டர்கள் அதனை மன்னிக்கவில்லை.

பின்னர் வந்தது நவம்பர் 9ஆம் திகதி. மிச்சிகன் மாநிலத்தில் நடந்த விவாதத்தில், தாம் பதவிக்கு வந்தால் மூன்று அரசாங்கத் திணைக்களங்களை ஒழித்துவிடப் போவதாகப் பெரி கூறினார். வர்த்தகம் என்றார், கல்வி என்றார், மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. பரீட்சை மண்டபத்தில் மூன்று காரணங்கள் தருக என்னும் வினாவுக்கு இரண்டை எழுதிவிட்டு மூன்றாவதற்காக மேற்கூரையைப் பார்த்திருக்கும் மாணாக்கனின் நிலை அது. ரொம்னி ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார். பெரி முதலில் அதனை ஏற்றார். அதுதானா என்று நடுவர் கேட்டபோது இல்லை என்றார். ஏறக்குறைய ஒரு நிமிடம் இந்தத் துன்பம் நீடித்தது. இறுதியில், மூன்றாவதைச் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள் என்று கூறி, 'ஊப்ஸ்' என்றார். கைதவறிக் கோப்பையை உடைத்த சிறுபிள்ளை சொல்லும் சொல் அது. நிகழ்ச்சி முடிந்ததும் நிருபர்களிடம், இன்றிரவு சப்பாத்து அணிந்திருந்தது நல்லதாயிற்று, மிதிக்கக் கூடாததை நன்றாக மிதித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அந்த நகைச்சுவையை விவாத மேடையிற் காட்டியிருப்பாராயின் ஒருவேளை தப்பியிருக்கலாம்.

மறதி குற்றமாகுமா என்று கேட்கலாம். எவருக்கும் பெயர் மறக்கும். ஆனால் மறந்தது அயலவரின் பெயரன்று. ஆயிரக்கணக்கானோர் தொழில் பார்க்கும் திணைக்களம் ஒன்றை மூடிவிடப் போகிறேன் என்று நாட்டுக்கு வாக்களிப்பவர், அது எந்தத் திணைக்களம் என்பதை அறியாமல் நிற்கிறார். அவ்வாக்குறுதி அவர் சிந்தித்துக் கண்ட முடிவன்று, எவரோ எழுதிக் கொடுத்த பட்டியல் என்ற ஐயம் எழுவது இயல்பே. கேட்போர் மனத்தில் முன்னரே இருந்த சந்தேகத்தை உறுதிப்படுத்தும் சோர்வே கொல்லுகின்றது. ரொம்னியின் தந்தை உறுதியற்றவர் என்ற சந்தேகம் 'மூளைச் சலவை'க்கு முன்னரே இருந்தது. பெரி போதிய ஆயத்தமின்றி வந்தவர் என்ற எண்ணம் நவம்பருக்கு முன்னரே பரவியிருந்தது.

பெரிக்குப் பின் ஹேர்மன் கெய்ன் வந்தார். பீற்சா விற்கும் கம்பனி ஒன்றை நடத்திப் பெயர் பெற்றவர். நல்ல குரலும் நகைச்சுவையும் உள்ளவர். வருமானம், கம்பனி இலாபம், விற்பனை ஆகிய மூன்றுக்கும் நூற்றுக்கு ஒன்பது வீதம் வரி என்னும் அவருடைய திட்டம் பிள்ளைகளும் மனனம் செய்யத் தக்கதாக இருந்தது. ஒக்டோபரில் அவர் முன்னணிக்கு வந்தார். நவம்பர் 14ஆம் திகதி மில்வோக்கி நகரப் பத்திரிகையாசிரியர்கள் லிபியா பற்றி அவருடைய கருத்தைக் கேட்டனர். அவர் மேலே பார்த்தார், நாற்காலியில் அசைந்தார், தொடங்கினார், நிறுத்தினார். பல விடயங்கள் தலையினுள்ளே சுழல்கின்றன என்றார். பெண்கள் சிலர் அவர் மீது கூறிய குற்றச்சாட்டுக்களும் சேர்ந்தன. அவற்றை அவர் மறுத்தார். டிசெம்பர் 3ஆம் திகதி விலகினார். அடுத்து நியூட் கிங்ரிச் எழுந்தார், தென் கரோலைனாவில் வென்றார், புளோரிடாவுக்குச் சென்று சந்திரனில் அமெரிக்கக் குடியேற்றம் அமைப்பதாக உறுதி கூறினார், அம்மாநிலத்திற் தோற்றார். ரிக் சன்டோரம் அயோவாவில் எட்டு வாக்குகளாற் தோற்றவரென முதலில் அறிவிக்கப்பட்டு, திருத்திய கணக்கின்படி 34 வாக்குகளால் முந்தியவரானார். அதற்குள் இரண்டு கிழமைகள் கழிந்து, வெற்றியின் சூடு ஆறிவிட்டது. பாக்மன் அயோவாவில் ஆறாவதாகவும் பெரி ஐந்தாவதாகவும் வந்து, சனவரி மாதத்திலேயே இருவரும் விலகினர்.

சோர்வுக்கு அஞ்சி மனனம் செய்து பேசுபவர் தப்பிவிடுவாரா? 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி நியூ ஹம்ப்ஷயர் விவாதத்தில் மார்க்கோ ரூபியோ, சனாதிபதி ஒபாமா பற்றிய ஒரே வசனத்தை ஏறக்குறைய மாற்றமின்றித் திரும்பத் திரும்பக் கூறினார். மனனம் செய்ததையே ஒப்பிக்கிறீர் என்று கிறிஸ் கிறிஸ்ரி சுட்டிக்காட்டினார். அவர் சுட்டிக்காட்டிய பின்னரும் ரூபியோ அதே வசனத்தைக் கூறினார். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் இதனைக் கண்டவர் பலர். இடையில் எவரேனும் இருமினாலும் பிள்ளை முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கும். மூன்று நாட்களின் பின் ரூபியோவுக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. குற்றங்கண்ட கிறிஸ்ரிக்கோ ஆறாம் இடம்.

அதே தேர்தலில் இவ்விதிகளையெல்லாம் புறங்கண்டவர் ஒருவரும் தோன்றினார். 2015ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி, பாக்மன் அம்மையார் வென்ற அதே ஏம்ஸ் நகரில், டொனால்ட் டிரம்ப் மேற்சபை உறுப்பினர் ஜோன் மக்கெய்னைப் பற்றிப் பேசினார். வியட்நாமில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து சித்திரவதை அனுபவித்தவர் மக்கெய்ன். பிடிபடாதவர்களையே தமக்குப் பிடிக்கும் என்றார் டிரம்ப். கட்சித் தலைவர்கள் கண்டித்தனர். அவர் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை அரிது. வாக்கெடுப்புக்களில் அவருடைய ஆதரவு குறையவில்லை. மறுபடியும் மறுபடியும் இவ்வாறே நடந்தது. அவர் பல்லாண்டுகளாகத் தொலைக்காட்சியில் அறிமுகமானவர். அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத வெற்றுச் சுவர் எதுவும் இருக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவுமில்லை. பிறர் சோர்வெனக் கண்டதை அவருடைய ஆதரவாளர்கள் துணிவெனக் கண்டனர். ஒரு பேச்சைப் பற்றிய வாதம் முடியுமுன் அடுத்த பேச்சு வந்துவிடும். நாவடக்கத்தை ஒரு தகுதியாக எண்ணி வந்த பழைய அரசியல்வாதிகளுக்கு இஃது இன்றும் விளங்காத புதிராகவே உள்ளது. அடக்கமில்லாத சொல்லாற் புண்பட்டவர்கள் வாக்களிப்போருள் எண்ணப்படுகிறார்களா என்பது வேறொரு வினா.

வீழ்ந்தவர்கள் எல்லாரும் வீழ்ந்தே கிடக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 1987ஆம் ஆண்டில், பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் நீல் கினக்கின் பேச்சைப் பெயர் கூறாமல் தமதாக்கிப் பேசியதற்காகப் பழிக்கப்பட்டுப் போட்டியிலிருந்து விலகிய ஜோ பைடன், முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து 2020ஆம் ஆண்டில் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். டீன் தம் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைவரானார். ஜோர்ஜ் ரொம்னி நிக்சனின் அமைச்சரவையில் வீடமைப்புக்குப் பொறுப்பாயிருந்தார்.

அவருடைய மகன் மிட் ரொம்னி, முன்னணிக்கு வந்த ஒவ்வொருவரும் வீழும்வரை பொறுத்திருந்து, 2012ஆம் ஆண்டில் கட்சியின் அபேட்சகரானார். தந்தைக்கு நேர்ந்ததைக் கண்ட மகன் ஆகையால் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசினார் என்று பலர் எழுதியுள்ளனர். அவருக்குக் கேடு வந்தது மேடையிலன்று. அவ்வாண்டு மே மாதத்தில் புளோரிடாவில், பணக்காரர் சிலர் கூடிய விருந்தொன்றிற் கதவடைத்துக்கொண்டு பேசினார். அரசாங்க உதவியை நம்பி வாழ்வோராகிய நூற்றுக்கு 47 பேர் எப்படியும் ஒபாமாவுக்கே வாக்களிப்பர் என்றும், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது தம் வேலையன்று என்றும் கூறினார். அங்கே மறைவாக ஒளிப்பதிவு செய்யப்பட்ட அப்பேச்சு, பொதுத் தேர்தலுக்கு ஏழு கிழமைகள் இருக்கையில் வெளியாயிற்று.

ரிக் பெரி மறந்த மூன்றாவது திணைக்களம் எரிசக்தித் திணைக்களம். அமெரிக்காவின் அணுவாயுதங்களைப் பேணும் பொறுப்பும் அதனைச் சேர்ந்ததே. 2016ஆம் ஆண்டு டிசெம்பரில் டிரம்ப் அத்திணைக்களத்தின் செயலாளராகப் பெரியையே பெயர் குறித்தார். 2017ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி மேற்சபைக் குழுவின் முன் தோன்றிய பெரி, அத்திணைக்களத்தின் பணிகளை விளக்கமாகக் கேட்டறிந்த பின்னர், அதனை ஒழிக்க வேண்டுமென்று முன்னர் கூறியதற்காக வருந்துவதாகச் சொன்னார். இம்முறை பெயர் மறக்கவில்லை. மார்ச்சு மாதத்திற் பதவியேற்று, 2019ஆம் ஆண்டு டிசெம்பர் வரை அத்திணைக்களத்தை நடத்தினார்.